கிணற்றில் பெட்ரோல் வாடை: மனு எழுதும் முன்

பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகிக் கிணறு கெட்டுவிட்டது என்று மனு எழுத என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும், கையில் ஒரு பரிசோதனை அறிக்கையுமாக வருகிறார்கள். அறிக்கையில் உப்பு, கடினத்தன்மை, கிருமி எல்லாம் இருக்கும். பெட்ரோல் மட்டும் இருக்காது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் அதை யாரும் தேடுவதில்லை. அந்த அறிக்கையைக் காட்டியே அதிகாரி கோப்பை மூடிவிடுவார்.

பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் நான்கையும் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இவை சட்டென ஆவியாகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பெட்ரோல் நீரின் மேலே மிதப்பது. ஆழத்தில் இருக்கும் மோட்டார் இறைக்கிற தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள், கிணற்றருகே தீக்குச்சியும் உரசாதீர்கள்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும், 90 நாளில் முதற்கட்ட ஆய்வு முடிய வேண்டும், மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும். சுத்தம் செய்து முடிக்கத்தான் கெடு இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஊராட்சி அலுவலகம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைக் காட்டும். வாரியம் வெடிபொருள் உரிமத் துறையைக் காட்டும். பங்க் முதலாளி கம்பெனியைக் கேளுங்கள் என்பார். இந்தச் சுற்றில் மழை வந்து நீர்மட்டம் மாறும், வாடை குறையும், அன்றைக்குப் பார்த்து ஆய்வுக்கு ஆள் வரும். ஆகவே கலெக்டருக்கும் வாரியத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். பங்க் முதலாளியை மட்டும் குறிப்பிட்டால் போதாது. பல பங்க்குகளில் தொட்டி எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தம். இருவர் பெயரும் வேண்டும்.

நான் அதிகம் பார்த்த தவறு மனுவின் முதல் வரியிலேயே இருக்கிறது: 'பல ஆண்டுகளாகப் பாதிக்கப்பட்டு வருகிறோம்.' ஆதங்கத்தில் எழுதுவதுதான், ஆனால் வழக்கையே சாய்க்கக்கூடியது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் சாதாரண வழக்குக்கு ஆறு மாதமும், இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்க ஐந்து ஆண்டும்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். முதலில் வாடை வந்த உண்மையான தேதியை எழுதுங்கள், கூட்டாமல் குறைக்காமல். அலுவலகம் அலுவலகமாக அலைந்த மாதங்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

தீர்ப்பாயத்தில் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2013இல் தொண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்வெல்களில் எண்ணெய் வந்த விவகாரமும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனதுதான்.

இதற்கிடையில் பங்க் தரப்பிலிருந்து ஒருவர் லாரித் தண்ணீரோடு வீட்டுக்கு வருவார். புதிய போர்வெல் போட்டுத் தருவதாகவும் சொல்வார். தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே புதிதாகத் துளையிட்டு இறைத்தால் மாசு அந்தப் பக்கமும் இழுபடலாம். கூடவே நீட்டும் 'இனி புகார் இல்லை' என்ற காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.