'வட்டார மக்கள் வானொலி' என்பது யாருடைய வானொலி?

ஒரு மாநில அரசோ மாகாண அரசோ தன் எல்லைக்குள் நடத்தும் வானொலியை ஆங்கிலத்தில் 'ரீஜனல் பப்ளிக் ரேடியோ நெட்வொர்க்' என்பார்கள். அதை மொழிபெயர்ப்புச் செய்திகளில் 'வட்டார மக்கள் வானொலி' என்று எழுதுகிறார்கள். இது பிழை.

'பப்ளிக்' என்பதற்கு லத்தீன் வேர்ப்பொருள் மக்கள்தான். 'ரீஜன்' என்பதும் லத்தீன்தான். பகுதி என்று பொருள். வேர் சரி. ஆனால் வேரை மட்டும் பார்த்துச் சொல் படைக்க முடியாது.

முதலில் வட்டாரம். பிராந்தியம் வடசொல் என்பதற்காக இதை நுழைக்கிறார்கள். எனக்கும் தமிழ்ச்சொல்லில்தான் விருப்பம். ஆனால் யாழ்ப்பாணத்தில் வட்டாரம் என்றால் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிரிக்கும் சிறு பகுதி. புங்குடுதீவு ஆளிடம் எந்த வட்டாரம் என்று கேளுங்கள், எண்ணைத்தான் சொல்லுவார். ஒரு மாநிலம் முழுக்கக் கேட்கும் வானொலியை நாலு தெருவுக்குள் அடக்கினால் அது தூய தமிழாக இருந்து என்ன பயன்? பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை என்று நாள்தோறும் சொல்கிறோம். பிராந்தியம் எல்லோருக்கும் விளங்குகிறது.

அப்புறம் 'மக்கள்'. இதுதான் பெரிய கேடு, ஏனென்றால் வானொலி யாருடைய கையில் இருக்கிறது என்பதையே அது மறைத்துவிடுகிறது. 1967 ஜனவரியில் இலங்கை வானொலி திணைக்களம் என்ற நிலையிலிருந்து கூட்டுத்தாபனமானது. நிர்வாக வடிவம் மாறியது, உடைமை அரசிடமே இருந்தது. அனுராதபுரத்து ரஜரட்ட சேவையும், மாத்தறை ருகுணு சேவையும், இங்கே யாழ் எப்.எம்.மும் அதன் பிராந்தியக் கிளைகள். இவற்றை யாராவது மக்கள் வானொலி என்பார்களா? அரச வானொலி என்றுதான் சொல்கிறோம், அதுதான் நேர்மை. ஊர்க்காரர் தாங்களே நடத்துவதற்குச் சமூக வானொலி என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் வானொலி என்று படிப்பவர் அதைத்தான் நினைப்பார்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பவேரிய வானொலி போன்ற ஜெர்மன் நிலையங்களை 'அரச வானொலி' என்று எழுதுகிறார்கள். ஹிட்லர் ஆட்சியில் வானொலி பிரசாரக் கருவியானதைக் கண்ட பிறகு, அரசின் கை படாதபடி சட்டத்தால் அமைத்தவை அவை. ஒவ்வொரு வீட்டாரும் கட்டும் ஒலிபரப்புக் கட்டணமே அவற்றின் முதன்மை வருவாய். இவற்றுக்குப் பொதுச்சேவை வானொலி என்பதே பொருந்தும்.

ஆக, மொழிபெயர்ப்பவர் அகராதியை விரிக்கமுன் அந்த நிலையத்தின் உரிமையாளர் யார் என்று பார்க்கவேண்டும். அதைப் பார்க்காத சோம்பலால்தான் நம் செய்தித்தமிழ் பாதி விளங்காமல் கிடக்கிறது. அரசுக்குச் சொந்தமென்றால் 'அரச பிராந்திய வானொலிச் சேவை'. பொதுநலக் கடமையைச் சட்டம் விதித்திருந்தால் அதை அடுத்த வசனத்தில் எழுதலாம். 'நெட்வொர்க்' என்பதற்கு வலையமைப்பு என்று தனியாக ஒட்டவும் வேண்டாம். வர்த்தக சேவை, தேசிய சேவை என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு 'சேவை' என்பதே போதும்.