கீழே சொட்டாத ஒயில்: பழைய பெக்கோவின் கியர்பொக்ஸ் உள்கசிவு

கொழும்பு மட்டக்குளியில் ஒரு காணியில் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த பெக்கோவைப் பார்க்கப் போயிருந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய மெஷின். நான் போய்ச் சேர்ந்த நேரம் ஒப்பரேட்டர் தம்பி அதைத் திருப்பி, ரிவர்ஸில் மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அடுத்த நடையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"ஏன் தம்பி பின்னுக்கே ஏத்துறீங்க?"

"காலையில முன்னுக்கு நல்லா ஏறுது அண்ணே. பத்து மணி தாண்டினா இழுவை இல்ல, இஞ்சின் சத்தம் மட்டும்தான். ரிவர்ஸ்ல ஒரு பிரச்சினையும் இல்ல."

நோயின் முக்கால்வாசி அந்தப் பதிலிலேயே இருந்தது. ஆனால் அந்தத் தம்பியிடம் யாரும் கேட்கவில்லை. நான் போவதற்கு முன்பே வேறொரு கராஜில், கியர்பொக்ஸ் ஒயிலுக்குப் பிரஷர் கொடுக்கும் சார்ஜ் பம்பைக் கழற்றி மாற்றியிருந்தார்கள். பழைய பம்பில் பிழையே இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் பிரஷர் கொடுப்பது ஒரே பம்ப். அது தேய்ந்திருந்தால் ரிவர்ஸும் சோர்ந்திருக்க வேண்டுமே.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்தப் பம்ப்தான் காரணம். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறிய பிறகு, புது மெஷின் எடுக்கும் எண்ணத்தைப் பல முதலாளிமார் கைவிட்டுவிட்டார்கள். கொழும்பில் இன்று கான் வெட்டுவதும் பைப் புதைப்பதும் பெரும்பாலும் பழைய பெக்கோக்கள்தான். தேவையில்லாமல் மாற்றும் ஒவ்வொரு பாகமும், அந்த மெஷினை நம்பியிருக்கும் குடும்பங்களின் பணம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைக்கும் என்பதற்காகவே பாகத்தை மாற்றுவது வைத்தியம் ஆகாது.

உள்கசிவு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெக்கோவில் கியர் போடுவதற்குக் கால் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள லீவரைத் தள்ளினால், கியர்பொக்ஸுக்குள் ஒரு வால்வ் திறந்து, பிரஷரோடு ஒயில் முன்கிளட்சுக்கோ பின்கிளட்சுக்கோ போகும். அந்த ஒயில் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும், சக்கரம் உருளும். கிளட்ச் சுழன்றுகொண்டே இருப்பதால், நிலையாக இருக்கும் பகுதியிலிருந்து சுழலும் பகுதிக்கு ஒயிலைக் கடத்த ஷாஃப்டில் மெல்லிய சீலிங் ரிங்குகள் இருக்கின்றன. பிஸ்டனைச் சுற்றி சீல்கள். இவற்றில் ஏதாவது தேய்ந்தாலோ உடைந்தாலோ, கிளட்சுக்குப் போக வேண்டிய ஒயில் கியர்பொக்ஸின் வயிற்றுக்குள்ளேயே வழிந்துவிடும். வெளியில் ஒரு சொட்டும் விழாது. டிப்ஸ்டிக்கில் அளவு குறையாது. "லீக் ஒன்றும் இல்லையே" என்று முதலாளி சொல்வார். அவர் சொல்வதிலும் பிழை இல்லை, தரை காய்ந்துதான் கிடக்கும்.

காலையில் ஏன் நன்றாக ஓடுகிறது? குளிர்ந்த ஒயில் தடிப்பானது, சின்ன இடைவெளியால் அவ்வளவு வேகமாக வழியாது. சூடேறினால் நீர்த்துப்போகும், வழிவது கூடும். இன்னொரு கெடுதலும் உண்டு. பொதுவாக இந்த கியர்பொக்ஸ்களில் பம்ப் தரும் ஒயிலில் கிளட்சுக்குத்தான் முதல் பங்கு. மிஞ்சுவது, இஞ்சினின் இழுவையை ஒயிலாலேயே கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டர் வழியாகக் கூலருக்குப் போய், திரும்பி வந்து பெயாரிங்குகளுக்கு ஊற்றும். கிளட்சில் கசிந்தால் மிச்சம் குறையும். மிச்சம் குறைந்தால் கூலருக்குப் போவது குறையும், ஒயில் இன்னும் சூடேறும், இன்னும் நீர்க்கும், இன்னும் கசியும். தட்டுகளும் வழுக்கி எரியத் தொடங்கும். பத்து மணிக்குத் தொடங்கிய சோர்வு அடுத்த மாதம் எட்டரைக்கே வருவது இதனால்தான்.

இதற்கு எதிரான அடையாளத்தையும் தெரிந்துவைத்திருங்கள். காலையில்தான் மோசம், பம்பும் கீச்சிடுகிறது, சூடேறிய பிறகு பரவாயில்லை என்றால், உறிஞ்சும் பக்கத்து வலை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தடித்த ஒயில் அடைத்த வலைக்குள்ளால் வராது.

இனி கேஜ். கழற்றுவதற்கு முன் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன். 400 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ், நல்ல ஹோஸ், மெஷினின் டெஸ்ட் ஓட்டைக்குப் பொருந்தும் நிப்பிள், இவை போதும். எந்த ஓட்டையில் மாட்டுவது, எத்தனை ஆர்பிஎம்மில் எவ்வளவு வர வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். அந்த மொடலின் சேர்விஸ் மனுவலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், அடுத்த கராஜ்காரர் சொன்ன எண்ணை வைத்து அல்ல.

மட்டக்குளி மெஷினில் கேஜை மாட்டி, ஒயில் 80 பாகை வரும் வரை ஓட விட்டோம். நியூட்ரலில் முள் 210 இல் நின்றது. ரிவர்ஸ் போட்டதும் முள் ஒரு கணம் கீழே போய், உடனே ஏறி 205 இல் நின்றது. அந்த ஒரு கணச் சரிவு இயல்பானது, வெறுமையாக இருந்த கிளட்ச் நிறைகிறது என்று அர்த்தம். அடுத்து முன்னுக்குப் போட்டோம். முள் விழுந்தது, திரும்பி ஏறவில்லை. 130 இல் நடுங்கிக்கொண்டு நின்றது. தம்பி இறங்கி வந்து முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கியர்பொக்ஸின் ஒரு போல்ட்டையும் தொடாமலேயே எங்கே பிழை என்று தெரிந்துவிட்டது.

மூன்று நிலையிலும் பிரஷர் ஒன்றுபோல் குறைவாக இருந்திருந்தால் நான் முன்கிளட்சைச் சந்தேகித்திருக்க மாட்டேன். ஒயில் மட்டம், வலை, பம்ப், பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வில் சிக்கிய தூசு, களைத்துப்போன ஸ்பிரிங் என்று போயிருப்பேன். மூன்று நிலையிலும் பிரஷர் சரி, கிளட்சுக்கும் போகிறது, ஆனால் மெஷின் நகரவில்லை என்றால் தட்டுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கொன்வேர்ட்டரில் பிழை. நாலு சக்கரமும் இழுக்கும் மெஷினாக இருந்தால், அந்தச் சுவிட்சைப் போட்டும் எடுத்தும் ஒருமுறை அளந்து பாருங்கள், அதற்கும் தனியாக ஒரு ஒயில் கிளட்ச் இருக்கக்கூடும்.

வயரிங்கையும் மறக்க வேண்டாம். வால்வைக் கரண்டில் திறக்கும் சொலனொயிட் கொயில் சூடானதும் விட்டுப்போகும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஓடும், பிறகு நிற்கும், உள்கசிவு போலவே தெரியும். ஆனால் கேஜ் காட்டிக்கொடுத்துவிடும். கொயில் வேலை செய்யாவிட்டால் வால்வ் திறக்காது, கிளட்சுக்கு ஒயிலே போகாது, அதனால் மெயின் பிரஷர் விழவும் செய்யாது. கசிவு என்றால் விழும். ஒரு மீற்றரை வைத்து கொயிலில் வோல்ட் சரியாக வருகிறதா, ஏர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இந்தப் பரிசோதனையில் ஆபத்து இருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டு அளக்கும்போது மெஷினுக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பிரேக்கில் நிறுத்தி, கியரில் இஞ்சினை முழுதாக முடுக்கிப் பார்க்கும் ஸ்டோல் டெஸ்ட் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம், பிறகு நியூட்ரலில் ஓட விட்டு ஒயிலை ஆற விடுங்கள். கேஜ் ஹோஸ் வெடித்தால் முகத்தில் அடிப்பது கொதிக்கும் ஒயில். ஒப்பரேட்டர்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: முன்கிளட்ச் சோர்ந்த மெஷினைச் சரிவில் வைத்து வேலை செய்யாதீர்கள். இழுவை விட்டுப்போனால் பிரேக் ஒன்றுதான் துணை.

ஒயில் குறைவதைப் போலவே கூடுவதும் நோய். இதை முதலாளிமார் கவனிப்பதே இல்லை. சில மொடல்களில் ஹைட்ரோலிக் பம்ப் கியர்பொக்ஸின் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பம்பின் ஷாஃப்ட் சீல் போனால், ஹைட்ரோலிக் ஒயில் நேராக கியர்பொக்ஸுக்குள் இறங்கும். ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு முதலாளி கிழமைக்கு ஒருமுறை ஹைட்ரோலிக் டாங்கிக்கு ஒயில் ஊற்றிக்கொண்டிருந்தார். எந்த ஹோஸிலும் ஈரம் இல்லை. "ஆனா கியர்பொக்ஸுக்கு ஒரு சொட்டும் ஊத்தத் தேவையில்ல அண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னார். டிப்ஸ்டிக்கை இழுத்தேன், மேல்கோட்டுக்கு மேலே நாலு விரல் ஒயில். கூடிய ஒயிலைக் கியர்கள் அடித்து நுரையாக்கும், நுரை பிரஷரைப் பிடிக்காது, சூடு ஏறும், கடைசியில் கியர்பொக்ஸ் மூச்சுவிடும் துளையான பிரீதரால் பொங்கும். அங்கே கியர்பொக்ஸில் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. பம்பின் சீலையும், அது போகக் காரணமாக இருந்த தேய்ந்த பெயாரிங்கையும் மாற்றி, கலந்த ஒயிலை முழுவதும் வடித்து, மனுவல் சொன்ன ஒயிலை ஊற்றினோம். மட்டம் பார்க்கும் முறையும் முக்கியம்: சில மெஷின்களில் இஞ்சினை ஓட விட்டு, சிலவற்றில் நிறுத்தி வைத்து. முறை மாறினால் அளவும் பிழைக்கும்.

அடுத்தது தண்ணீர். களனி கங்கை பெருகும் காலத்தில் கொலன்னாவை, வத்தளைப் பக்கம் பெக்கோக்கள் இடுப்பளவு வெள்ளத்தில் நின்று வேலை செய்கின்றன. பிரீதர் முழுகினால் தண்ணீர் உள்ளே போகும். ரேடியேட்டரின் அடியில் ஒயில் கூலர் உள்ள மெஷின்களில் அந்தக் கூலர் உள்ளே உடைந்தாலும் போகும், அப்போது ரேடியேட்டர் தண்ணீரிலும் ஒயில் படலம் மிதக்கும். ஒயில் பால் தேநீர் போல மாறினால் சந்தேகமே இல்லை. மெல்லிய கலப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தகட்டை நன்றாகச் சூடாக்கி இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடிக்கும். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை தண்ணீர் பட்டால் உரிந்துவரும், அதனால் "வெயிலில் காயட்டும்" என்று விடக் கூடாது.

பழைய ஃபில்டரை வீசுவதற்கு முன் வெட்டிப் பாருங்கள். மடிப்பை விரித்து வெள்ளைத் தாளில் தட்டினால் உள்ளே நடப்பது தெரியும். கரும் பசை தட்டு எரிந்தது, ரப்பர்த் துண்டு பிஸ்டன் சீல், காந்தத்தில் ஒட்டாத வெள்ளிப் பொடி அலுமினியம். மட்டக்குளி மெஷினின் ஃபில்டரில் கரும் பசை கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். தட்டுகள் முழுவதும் போய்விடவில்லை என்று முதலாளிக்கு அப்போதே சொல்ல முடிந்தது.

கியர்பொக்ஸை இறக்கி வால்வ் பகுதியைக் கழற்றியதும், கிளட்சுக்குப் போகும் துளையில் ரப்பர் நுனியை அழுத்திக் காற்று விட்டோம். ரிவர்ஸ் பக்கம் "டுப்" என்று ஒரு கெட்டியான சத்தம், பிஸ்டன் போய் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் "உஸ்ஸ்" என்று சீறியது, டுப் வரவேயில்லை. ஷாஃப்டை உருவினால் சீலிங் ரிங் ஒன்று மூன்று துண்டு. அதைவிட முக்கியமானது ரிங் உரசும் கிளட்ச் ட்ரம்மின் உள்சுவர். நகத்தை வைத்து இழுத்தேன், நகம் பள்ளத்தில் தட்டி நின்றது. இந்த இடத்தில்தான் பல ரிப்பேர்கள் வீணாகின்றன. சீல் கிட் வாங்கி, பள்ளம் விழுந்த சுவரிலேயே புது ரிங்கைப் போட்டு மூடிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் மெஷின் மறுபடி ரிவர்ஸில் மேடு ஏறும்.

முதலாளியைக் கூப்பிட்டு, அவருடைய நகத்தையும் அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். ட்ரம்மை மாற்றச் சம்மதித்தார். பூட்டிய பிறகு அதே சூட்டில், அதே ஆர்பிஎம்மில் அளந்தோம்: நியூட்ரல் 210, ரிவர்ஸ் 205, முன்னுக்கு 205. அந்த மூன்று எண்ணையும் திகதியோடு ஒரு துண்டுத் தகட்டில் குத்தி, கெபினுக்குள் ஒப்பரேட்டரின் கண்படும் இடத்தில் ரிவெட் அடித்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஜ் மாட்டி, புது எண்ணை அதற்குக் கீழே தம்பியே எழுதிவருகிறார்.