மைனர் கார்டில் அந்த ஏழாவது சுரம் பிழையல்ல

"சார், இதுல ஏதோ அச்சுப்பிழை இருக்கு." மைனர் மேஜர் செவன்த் கார்டை (கார்ட் என்றால் ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) முதன்முதலாகத் தாளில் பார்க்கும் பியானோ மாணவர்கள் பலர் என்னிடம் சொல்வது இதைத்தான். இரண்டு பெயர்களும் எப்படிச் சேர்ந்து வரும் என்று அவர்களாகவே 'மேஜரை' விட்டுவிட்டு, பழகிய மைனர் செவன்த்தை வாசித்துப் போய்விடுவார்கள். அப்படிக் காணாமல் போவது அந்த இடத்தின் உணர்வே. எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

பெயரில் முரண் இல்லை. மைனர் என்பது மூன்றாம் சுரத்தைக் குறிக்கிறது, மேஜர் என்பது ஏழாம் சுரத்தை. சி-யில் தொடங்கினால் சி, ஈ ஃப்ளாட் (ஈ-க்கு ஒரு கட்டை கீழே), ஜி, பி. அரைச்சுரக் கணக்கில் (கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஒரு அரைச்சுரம்) இடைவெளிகள் 3, 4, 4. சி மைனர் செவன்த்தின் பி ஃப்ளாட் ஒரு கட்டை மேலேறி பி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கீரவாணி ராகம் பாடியவர்களுக்கு இது தெரிந்த முகம்: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். சிலர் மைனஸ் குறியும் சின்ன முக்கோணமும் போட்டு எழுதுவார்கள். அதுவும் இதே கார்ட்தான்.

நான்கு சுரங்களையும் ஒரே கையில் பிடிக்க முயலாதீர்கள். அடிக்கும் நுனிக்கும் இடையே 11 அரைச்சுரம், கிட்டத்தட்ட ஒரு ஆக்டேவ் (12 அரைச்சுரம்). சிறிய கைகளில் மணிக்கட்டு உடனே இறுகிவிடும். இறுகிய கையோடு வாசித்துப் பழகினால் வலி வரும். இடது கையில் சி மட்டும், வலது கையில் ஈ ஃப்ளாட், ஜி, பி. கட்டைவிரல் கறுப்புக் கட்டையில் விழுவதால் கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

இப்போது வலது கையை அசைக்காமல் இடது கையை மட்டும் ஈ-க்கு மாற்றுங்கள். ஈ மைனர் மேஜர் செவன்த் வந்துவிட்டது! ஏ ஃப்ளாட்டுக்குப் போனால் ஏ ஃப்ளாட் மைனர் மேஜர் செவன்த். மேலே இருக்கும் மூன்று சுரங்கள் ஆக்மென்டட் ட்ரையட், அதாவது நான்கு நான்கு அரைச்சுர இடைவெளியில் அமைந்த மூன்று சுரக் கூட்டு. அது ஆக்டேவை மூன்று சம பங்காக வெட்டுவதால்தான் இப்படி மூன்று அடிச்சுரங்களுக்கும் பொருந்துகிறது. ஆக, பன்னிரண்டு கார்டுக்கும் வலது கைக்கு நான்கே பிடிகள் போதும். பன்னிரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து களைத்துப்போன ஒரு மாணவி இதைக் கண்டதும் அந்த நான்கையும் மாற்றி மாற்றி அரை மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றில் மட்டும் கவனம். பி-யைக் கீழே வைத்து, அதற்கு மேல் வரும் சி-யை விட்டு அடுத்த சி-யை எடுத்தால் 13 அரைச்சுர இடைவெளி வரும். அந்த உரசல் காதைக் குத்தும். பியானோவின் அடிப்பகுதியில் நெருக்கமாக அடுக்கினாலும் குழம்பிவிடும்.

காது பழக ஏ மைனரை எடுங்கள். இடது கையில் கீழே ஓர் ஏ-யையும், வலது கையில் சி-யையும் ஈ-யையும் அழுத்தியபடியே இருந்து, மேலே உள்ள ஏ-யை மட்டும் ஜி ஷார்ப் (ஜி-க்கு ஒரு கட்டை மேலே), ஜி, எஃப் ஷார்ப் என்று ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஜி ஷார்ப்பில் வருவதுதான் நம் கார்ட். அங்கே அவசரப்படாதீர்கள். ஜி ஷார்ப் தானாக ஜி-யை நோக்கிச் சரியத் துடிப்பது கேட்கும்வரை நின்று, அதன் பிறகு விரலை நகர்த்துங்கள்.