மூடுபாத்தி: 'கோல்ட் பிரேம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் எங்கள் உறவுகள் வீட்டுத் தோட்டத்துப் படங்களை அனுப்பும்போது இந்தச் சொல்லும் கூடவே வருகிறது. "சலாதுக் கன்றுகளைக் கோல்ட் பிரேமுக்குள் வைத்திருக்கிறோம்" என்பார்கள். படத்தில் ஒரு பலகைப் பெட்டியும் அதன் மேல் பழைய யன்னல் கண்ணாடியும் தெரியும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருந்து பார்ப்பவருக்கு, மரக்கறி பழுதாகாமல் குளிரூட்டி வைக்கும் பெட்டியோ என்றுதான் தோன்றும். தமிழ் எழுத்தில் 'கோல்ட்' என்றால் குளிரா தங்கமா என்றும் பிரித்தறிய முடியாது.

அது அடிப்பாகம் இல்லாத பெட்டி. மண்ணின் மேல் நேரே வைப்பார்கள். பக்கங்கள் பலகை அல்லது செங்கல். மேலே கண்ணாடி அல்லது தெளிந்த பிளாஸ்டிக் மூடி. பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். வடக்கு நாடுகளில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகப் போவதால் சரிவைத் தெற்குப் பார்க்க அமைப்பார்கள். உள்ளே புகும் வெயில் மண்ணைச் சூடாக்கும். மூடி அந்தச் சூட்டைக் காற்று அள்ளிப்போக விடாது. இரவில் மண் அதை மெல்ல மெல்ல வெளிவிடும். இதனால் வசந்தத்தில் சில வாரம் முந்தி விதைக்கலாம், இலையுதிர் காலத்தில் சில வாரம் பிந்தியும் பறிக்கலாம். ஸ்பினாச், சலாது, கேல், கரட் போன்ற குளிர் தாங்கும் பயிர்களுக்கே இது முழுப் பயன் தரும். கத்தரிக்கும் மிளகாய்க்கும், வீட்டுக்குள் முளைக்கவைத்த கன்றுகளை வெளிக்குளிருக்குப் பழக்கும் இடமாக மட்டும் உதவும்.

பலர் நினைப்பதுபோல நடுக்குளிரிலும் பயிர் உள்ளே வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் குளிர்காலம் முழுவதும் மரக்கறி அறுவடை செய்து காட்டிய எலியட் கோல்மன் இதை அழுத்திச் சொல்பவர். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு முன்பே பயிர் போதிய அளவு வளர்ந்திருக்க வேண்டும். மூடி அதை உயிரோடும் பசுமையோடும் வைத்திருக்கும், தேவைப்படும்போது பறித்துக்கொள்ளலாம். வன்னியில் மார்கழி மாதத்திலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கமில்லை.

சூட்டைக் காக்கும் பெட்டிக்குக் 'குளிர்' என்று ஏன் பெயர்? அதற்கு முந்திய 'ஹொட்பெட்' என்ற பாத்தியைத் தெரிந்தால்தான் விளங்கும். புதுக் குதிரை எருவை நிரப்பி, மேலே மண் போட்டு, கண்ணாடியால் மூடுவார்கள். எருக்கும்பியைக் கிளறினால் ஆவி பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சூடுதான் அங்கே அடுப்பு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர் குதிரை எருவை நம்பியே குளிர்காலத்தில் மரக்கறி விளைவித்தார்கள். எரு இல்லாமல் வெயிலை மட்டும் நம்பும் பெட்டியே 'குளிர்ந்தது'. ஜெர்மானியர் எருவைப் பற்றிக் கவலைப்படாமல் 'பருவத்துக்கு முந்திய பாத்தி' என்ற பொருளில் 'ஃப்ரூபேட்' என்கிறார்கள். எனக்கு அதுவே தெளிவாகப் படுகிறது. மூடி வைத்து வளர்க்கும் யோசனையோ மிகப் பழையது. ரோமப் பேரரசன் திபேரியசுக்காக, வெள்ளரி இனக் காய்களைச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வளர்த்து, ஒளி ஊடுருவும் கல் தகட்டால் மூடினார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

சரி, தமிழில்? 'குளிர்ச் சட்டகம்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு; குளிரூட்டும் பொருள் என்றே எண்ணவைக்கும். 'பனிப்பாத்தி' என்றாலோ வன்னியில் பனி என்பது மார்கழி, தை விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். 'பச்சைவீடு' ஆள் உள்ளே நின்று வேலை செய்யும் அளவு பெரியது. அதனால் 'மூடுபாத்தி' என்பேன். பாத்தி குறளிலேயே உள்ள சொல் ('வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று', குறள் 718). இன்றும் எங்கள் தோட்டங்களில் வாயில் வருவது. எருச்சூட்டில் இயங்குவதை 'சூட்டுப்பாத்தி' என்று பிரித்துச் சொல்லலாம்.

இதை அப்படியே இங்கே செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. வன்னி வெயிலில் கண்ணாடியால் மூடினால் நாற்று ஒரே பகலில் அவிந்துவிடும். ரொறன்ரோவில்கூட வெயில் எறிக்கும் நாளில் மூடியைத் தூக்கி முட்டுக்கொடுக்காவிட்டால் அதே கதிதான். எங்கள் நாற்றுமேடைக்கு எதிரி உறைபனி அல்ல. காலபோக மழையும் சிறுபோக வெயிலும். வெயிலுக்குக் கிடுகுப் பந்தலோ நிழல் வலையோ போதும். மழைக்கு வளைத்த கம்பியின் மேல் பொலித்தீன் போட்டு, இரு பக்கமும் காற்றுப் போக விடவேண்டும்.

தெளிந்த பொலித்தீனால் இறுக மூடும் வேலை ஒன்று இங்கேயும் உண்டு, விதைக்கு முன்பு. நனைத்த மேடையைச் சில வாரம் அப்படி மூடிவைத்தால் வெயில் மண்ணைச் சுடவைத்து, நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்களையும் களை விதைகளையும் அழிக்கும். பிறகு பொலித்தீனை எடுத்து, மண் ஆறியதும் விதை போடலாம்.