மாதம் 20 கன மீட்டர் இலவசத் தண்ணீரும் வாசலில் போடும் சரளைக்கல்லும்

சிலாங்கூரில் குடியிருக்கும் மலேசியக் குடிமக்கள், குடும்பத்தின் மாத வருமானம் மாநில அரசு வைத்திருக்கும் வரம்புக்கு மேல் போகாதவர்கள் என்றால், மாதம் 20 கன மீட்டர் குழாய்த் தண்ணீருக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இதற்குப் பெயர் ஸ்கிம் ஆயர் டாருல் ஏசான். 2008-இல் தொடங்கியபோது வருமானம் பார்க்காமல் கொடுத்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து விண்ணப்பித்துத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும்தான். பெஸ்தாரி ஜெயா ஊர்ப் பக்கத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், பழைய நினைப்பிலேயே "தண்ணி சும்மாதானே" என்று இருப்பவர்கள் இன்னும் உண்டு. விண்ணப்பிக்காத வீட்டுக்கு முதல் சொட்டிலிருந்தே பில் ஓடும்.

விண்ணப்பத்துக்கு ஐசி (அடையாள அட்டை), கடைசியாக வந்த தண்ணீர் பில், வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். கைப்பேசியில் தடுமாறுபவர்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேட்டால் உதவுவார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை விட்டு வந்து தாமானில் வீடு வாங்கிய பல குடும்பங்களில், பில் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் வந்துகொண்டிருக்கும். முதலில் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள்.

சரி, இதற்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கன மீட்டர் என்பது 20,000 லிட்டர். நாளுக்கு ஏறக்குறைய 660 லிட்டர். இந்நாட்டில் ஓர் ஆள் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார் என்பதால், மூன்று பேர் உள்ள வீட்டுக்கே இது சரியாகப் போய்விடும். இதில் சாயங்காலம் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு அரை மணி நேரம் தண்ணீர் அடித்தால், நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் 450 லிட்டர் போய்விடும். மாதம் முழுக்க அப்படி அடித்தால் 13 கன மீட்டருக்கு மேல். 20-ஐத் தாண்டிய தண்ணீருக்கு வழக்கமான கட்டணம் உண்டு. 35-ஐத் தாண்டினால் கட்டணம் இன்னும் ஒரு படி ஏறும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த அடி விழும்.

புல்லை எடுத்துவிட்டுச் சரளைக்கல் போடுவது இதற்கு நல்ல வழி. பத்தடிக்குப் பதினைந்தடி இடத்துக்கு இரண்டு அங்குலக் கனத்தில் போட ஒரு டன் கல் போதும். முக்கால் அங்குலக் கல்லாக வாங்குங்கள். அதைவிடப் பொடியாக இருந்தால் முதல் அடைமழையிலேயே கால்வாய்க்குப் போய்விடும். கல்லைக் கொட்டுவதற்கு முன் லாலாங் என்ற களைப்புல்லின் வேரை ஒன்றுவிடாமல் தோண்டி எடுக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் அப்புறம் கல்லுக்கு அடியில் விரிக்கும் துணியையே துளைத்துக்கொண்டு ஊசி ஊசியாக மேலே வரும். கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கும் துணியைத்தான் விரிக்க வேண்டும், பிளாஸ்டிக் தாள் கூடவே கூடாது. துணியும் துணியும் சேரும் இடத்தில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும்.

முழு வாசலையும் கல்லால் மூடுவது எனக்கு ஒப்பவில்லை. மத்தியானத்தில் கல் சூடேறி வீட்டுக்குள் அனலடிக்கும். நடுநடுவே காகிதப்பூ, பாலைவன ரோஜா, கற்றாழை, பத்துமணிப்பூ, ஓமவல்லி என்று வைத்தால் வேர் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். மழை பெய்யும் வாரத்தில் அதுவும் வேண்டாம். படிக்கு முன்னால் கொஞ்சம் சிமெண்டுத் தரையை விட்டுவையுங்கள். கோலம் எங்கே போடுவது, தை மாதம் பானை எங்கே வைப்பது?

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாமர இலையும் ரம்புத்தான் இலையும் கல்லுக்குள் மக்கினால் அதுவே மண்ணாகிக் களை முளைக்கும். ஆகவே வாரம் ஒருமுறை இலையை வாரிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கல்லைக் கிளறிச் சமப்படுத்தினால் போதும்.

கவனிக்க வேண்டியது கொசுதான். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உங்கள் வளவுக்குள் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட், அதாவது நீதிமன்றம் போகாமல் கட்டும் தண்டம், போடலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மண்மேல் போட்ட கல்லில் தண்ணீர் தங்காது. வாட்டமில்லாத பழைய சிமெண்டுத் தரைமேல் கல்லைக் கொட்டினால்தான் அடியில் தண்ணீர் நிற்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியவும் செய்யாது. பூந்தொட்டித் தட்டுகளை எடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் பிடிக்கும் பீப்பாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கேட்டுக்கு வெளியே உள்ள துண்டு நிலம் பெரும்பாலும் சாலைக்கென்று ஒதுக்கிய நிலம். நாம் பெருக்கிக் கூட்டினாலும் அது நம்முடையது ஆகாது. அங்கே கல் போடுவதற்கும் கால்வாயை மூடுவதற்கும் முன் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்டாக வேண்டும். கல் உருண்டு கால்வாயை அடைத்தால் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி நடவடிக்கை வரலாம். வேலி ஓரமாக ஒரு வரிசை செங்கல் பதித்தால் கல் நகராது.

மீட்டரைக் கல்லுக்கும் செடிக்கும் அடியில் புதைத்துவிடாதீர்கள். மீட்டர் பார்க்க வருபவருக்கு எண் தெரியாவிட்டால் உத்தேசக் கணக்கில் பில் வரும். மீட்டருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் வரும் குழாய் கசிந்தால் அது நம் செலவு. கல் போட்ட வாசலில் ஈரம் மேலே தெரியாது என்பதால், இரவில் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது.

இன்னும் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்ட நிர்வாகம் தரும் வரிசை வீட்டில், இருப்பவர்கள் விஷயம் வேறு. நிர்வாகம் தரும் தண்ணீருக்கு உங்கள் பெயரில் கணக்கு இருக்காது, ஆகவே இந்த 20 கன மீட்டர் பொருந்தாது. அதற்குப் பதிலாக, 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், குடியிருப்புத் தரும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ புகார் செய்யலாம். லயத்து வாசலில் கல் போட ஆசை என்றால் முதலில் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வீடு தோட்டத்துடையது.