கத்திக்கு முன்பே கதிர் எதற்கு?

"அண்ணனுக்குத் தொடையில் சார்கோமா. வெட்டி எடுக்கப்போகும் கட்டிக்கு ஐந்து வாரம் 'கரண்ட்' எதற்கு? அதுவும் தொடையின் உள்பக்கம் ஒரு பட்டையை விட்டுவிட்டு வைக்கிறார்களே, மறந்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

உடம்பில் பாய்வது எக்ஸ் கதிர்தான். ஆனால் எந்திரம் எலக்ட்ரான்களை விரட்டித்தான் அதை உண்டாக்குகிறது என்பதால், 'கரண்ட்' என்ற பெயர் அப்படியொன்றும் தப்பில்லை.

தசையிலோ கொழுப்பிலோ முளைக்கும் புற்றுக்கட்டியான சார்கோமா, சுற்றியுள்ள திசுவை நெருக்கி உறைபோல ஆக்கிக்கொள்கிறது. பலாச்சுளைபோல அலுங்காமல் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் உறைக்கு வெளியேயும் புற்றுச் செல்கள் கிடக்கும். அதற்குப் பயந்தே ஒரு காலத்தில் காலையே எடுத்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு 1982இல் வெளிவந்தது: 16 பேருக்குக் கை அல்லது காலை நீக்கினார்கள், 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தார்கள். ஐந்தாண்டுக்குப்பின் உயிரோடிருந்தவர்கள் 88, 83 சதவீதம். புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. வெறும் 43 பேர்! கால் பிழைத்தால் எந்தக் கம்பெனிக்கு லாபம்? இத்தகைய ஆய்வுக்கு அரசுப் பணம்தான் வேண்டும் என்பது என் கட்சி.

சரி, ஏன் முன்பே? ஆக்சிஜனுக்காக. கதிர் செல்லுக்குள்ளிருக்கும் நீரை உடைக்கிறது. உடைந்த துண்டு டிஎன்ஏவிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. அங்கே ஓர் இடம் காலி. செல்லிலுள்ள குளூட்டதயோன் என்ற காப்புப்பொருள் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை நிரப்பிவிட்டால் காயம் மறைந்துவிடும். ஆக்சிஜன் முந்திக்கொண்டால், பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டதுபோல அந்த இடம் அதனுடையது, காயம் நிலைத்துவிடும். நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும் பந்தயம் இது! ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் தேவைப்படும்.

அறுவைக்குப்பின் ரத்தக்குழாய்கள் அறுபட்டிருக்கும். அங்கே ஆக்சிஜன் குறைவு. தழும்பு முழுவதையும் வேறு சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவே முன்பு 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) போதுமென்றால், பின்பு 66 வரை போகிறார்கள். முன்பே கொடுப்பதற்கும் விலை உண்டு. 190 பேரைச் சேர்த்த கனடா ஆய்வில் (2002), முன்பே கதிர் பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு அறுவைப் புண் தொல்லை கொடுத்தது. பின்பு பெற்றவர்களில் 17 சதவீதம். ஆனால் புண் பெரும்பாலும் ஆறிவிடும். பின்பு பெற்றவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட தசை இறுக்கம் எளிதில் இளகுவதில்லை.

வலியில்லாத கட்டியை 'வாயு' என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுபவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய, ஆழத்தில் வளரும் கட்டிக்கு ஸ்கேனும், துணுக்கெடுத்துப் பார்க்கும் பயாப்சியும்தான் வழி.

அந்தப் பட்டையை யாரும் மறக்கவில்லை. நிணநீர் தொடைவழியேதான் மேலே ஏற வேண்டும். சுற்றிலும் கதிர் பட்டால் அந்த வடிகால் அடைபட்டு, பாதம்வரை வீங்கிவிடும். அதனால்தான் நீளவாக்கில் ஒரு துண்டு தோலைக் கதிர் படாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.