மெல்லிய காற்று, தடித்த சாயம்

பிரான்ஸின் சேன் நதிக்கரையில் கற்ற ஒரு பாடம் அமெரிக்காவின் ராக்கி மலையில் ஏறியதும் பொய்த்துப்போனது. காட்சியின் எதிரிலேயே நின்று, வெயில் மாறுவதற்குள் தீட்டி முடிக்கும் பழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ஓவியர்கள் பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட்டுகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் காப்புரிமை பெற்ற தகர ட்யூப் அதற்கு வழிசெய்திருந்தது. அதற்கு முன்பு குழைத்த எண்ணெய்ச் சாயத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். ட்யூபோடு சேர்ந்து ஒரு விதியும் அமெரிக்கா வந்தது: தூரம் போகப் போக எல்லாம் மங்கும், நீலம் ஏறும், விளிம்பு கரையும். ஆற்றங்கரையின் ஈரக் காற்றுக்கு அது சரி. கொலராடோ, யூட்டா, சியரா நெவாடா மலைகளில் அதை அப்படியே வைத்துத் தீட்டினால் படம் கெடும்.

காரணம் காற்றில் இருக்கிறது. நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று இரண்டு வேலை செய்கிறது. மலையிலிருந்து புறப்படும் ஒளியில் ஒரு பங்கைச் சிதறடித்து வழியிலேயே இழக்கிறது. பக்கவாட்டில் வரும் வெயிலை நம் கண் பக்கம் திருப்பி, மலையின் மேல் ஓர் ஒளித்திரையைப் போர்த்துகிறது. ஈரமும் தூசியும் கூடினால் திரை தடிக்கும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதம்தான். நீராவியோ இன்னும் வேகமாகக் குறைகிறது. அதில் பாதிக்கு மேல் தரையை ஒட்டிய முதல் 2 கிலோமீட்டரிலேயே தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டால் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். பார்வை எல்லை 20 கிலோமீட்டராக உள்ள ஈரக் காற்றில், 10 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கரிய மலைக்கும் அதன் பின்னால் உள்ள வானத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டில் 14 சதவீதமே கண்ணுக்கு வந்து சேரும். பார்வை எல்லை 200 கிலோமீட்டராக உள்ள உலர்ந்த காற்றில் அதே மலையின் வேறுபாடு 82 சதவீதம் மிஞ்சும். அது 14-க்கு இறங்க 100 கிலோமீட்டர் போக வேண்டும்.

அதனால்தான் அரைநாள் நடந்தாலும் எட்டாத சிகரம் பக்கத்துத் தெருவில் நிற்பதுபோல் தெரிகிறது. புதிதாக வருகிறவர் இரண்டு பக்கமும் தவறுவார். கண்ணில் பட்ட அழுத்தத்தோடு தீட்டினால் சிகரம் முன்னால் உள்ள மரங்களோடு ஒட்டிக்கொண்டு அட்டையில் வெட்டி வைத்ததுபோல் ஆகும். பழைய விதிப்படி வெள்ளையும் நீலமும் கலந்து மங்கடித்தால் மலை மூடுபனிக்குள் போய்விடும்; அந்த நிலத்தின் வறண்ட தெளிவு தொலைந்துவிடும். அனுபவப்பட்டவர்கள் ஆழத்தை வேறு வழியில் கொண்டுவருகிறார்கள். ஒன்றை ஒன்று மறைக்கும்படி அடுக்குகளை அமைப்பார்கள். மரங்களின் உயரத்தைச் சட்டென்று சிறிதாக்குவார்கள். எல்லாவற்றையும்விட உதவுவது மேகத்தின் நிழல்: நடு அடுக்கின் மேல் அது விழும் நேரத்தில் முன்மலையும் பின்மலையும் தாமாகப் பிரிந்து நிற்கும். அது வரும்வரை காத்திருப்பது வீண் நேரம் அல்ல.

நிறத்தில் இதைவிட நுட்பமான ஒன்று நடக்கிறது. காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட 4 மடங்குக்கு மேல் சிதறும். தூரத்து ஊசியிலைக் காடு கரியது. தன்னிடமிருந்து அனுப்ப அதற்கு ஒளி அதிகம் இல்லை. ஆகவே இடையில் சேரும் நீலத் திரைதான் கண்ணுக்குத் தெரிகிறது, காடு நீலமாகிறது. தூரத்துப் பனி இதற்கு நேர்மாறு. அதனிடம் ஒளி ஏராளம். வழியில் அதிலிருந்து நீலம் கழிகிறது. வெயில் படும் தொலைப்பனி மெல்லிய மஞ்சளுக்கோ இளஞ்சிவப்புக்கோ சாய்கிறது. தூரம் என்றாலே நீலம் என்று நம்பித் தொலைப்பனிக்கும் நீலம் பூசுவதுதான் மலைப்படங்களில் அதிகம் காணும் பிழை. வெள்ளையோடு தூரிகை நுனி அளவு காட்மியம் ஆரஞ்சு சேர்த்தால் போதும், சிகரம் சரியான தூரத்தில் போய் அமரும்.

அருகில் உள்ள பனியின் நிழல் நீலமாக இருப்பதற்குக் காரணம் எளிது: அங்கே வெயில் இல்லை, நீல வானம் மட்டுமே விளக்கு. உயரத்தில் வானமே இன்னும் ஆழ்ந்த நீலம் என்பதால் நிழலும் அப்படியே. அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, துளி அலிசரின் சிவப்பு. வானத்தைப் பார்த்திருக்கும் நிழலுக்கு இது. பாறையையோ வெயில் பட்ட சரிவையோ பார்த்திருக்கும் நிழலுக்குள் அங்கிருந்து தெறிக்கும் சூடான ஒளி புகும், அங்கே சிறிது ஓக்கர் என்ற மண்மஞ்சள். நிழலின் விளிம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரிய வட்டம் அரை டிகிரி அகலம் கொண்டது. அதனால் 10 மீட்டர் தள்ளி நிற்கும் கிளையின் நிழல் விளிம்பு சுமார் 9 சென்டிமீட்டர் மங்கும். 1 கிலோமீட்டர் தள்ளிய சிகரத்தின் நிழலோ 9 மீட்டர் அகலத்துக்குக் கரையும். எல்லா நிழலையும் ஒரே கூர்மையில் வெட்டினால், எங்கே பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு உறுத்தும்.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1919-இல் தொடங்கிய பிராட்மூர் கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் கார்ல்சன், நிலக்காட்சிக்கு ஒரு நல்ல ஒழுங்கைச் சொன்னார். வானம் மிக வெளிச்சம், கிடையான தரை அடுத்தது, சாய்ந்த மலை அதற்கு அடுத்தது, செங்குத்தான மரம் மிக இருள். வான ஒளி மேலிருந்து விழுவதால் இந்த வரிசை. பனி விழுந்த மலையில் முதல் இரண்டும் இடம் மாறுகின்றன. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது, உயரத்து வானமோ இருண்டது. ஆகவே வெயில் பட்ட பனியே படத்தின் உச்ச வெளிச்சம், வானம் அதைவிட இரண்டு மூன்று படி கீழே. வானத்தை முதலில் வெளிறத் தீட்டிவிட்டவருக்குப் பனிக்கு இடம் இருக்காது.

இடம் இல்லாமல் போவது சாயத்தின் குறையும்கூட. வெயில் பட்ட பனிக்கும் மரத்தடி இருளுக்கும் வெளிச்சத்தில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். வெள்ளைச் சாயம் சுமார் 90 சதவீத ஒளியையும், பளபளப்பு இல்லாத கறுப்பு சுமார் 4 சதவீதத்தையும் திருப்பும். கையில் இருக்கும் வீச்சு இருபது மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. எதையாவது சுருக்கியாக வேண்டும். நிழல்களை ஒன்றாகச் சேர்த்து, வெளிச்சப் பகுதிக்குள் நிற வேறுபாட்டைக் காப்பாற்றுவதுதான் இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் கண்ட தீர்வு. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இதற்குத்தான்: நுண் விவரம் அழிந்து நாலைந்து பெரிய திட்டுகள் மிஞ்சும்.

இந்தத் திட்டுகளை இறக்க அதிக நேரம் கிடையாது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 40 டிகிரி அட்சரேகையில், சம இரவு நாளின் மாலையில், சூரியன் 30 டிகிரி உயரத்திலிருந்து 20-க்கு இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் 10 மீட்டர் மரத்தின் நிழல் 17 மீட்டரிலிருந்து 27 மீட்டருக்கு நீண்டுவிடும். எனவே பலகை சிறியது, 20×25 அல்லது 23×30 சென்டிமீட்டர். முதல் பத்து நிமிடத்தில் டர்பன்டைன் கலந்த மெல்லிய சாயத்தால் நிழல்களின் உருவத்தை மட்டும் குறித்துவிட வேண்டும். குறித்தபின் அவற்றை நகர்த்தவே கூடாது. நிழலைத் துரத்துகிற படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். இருளை மெல்லிதாகவும், வெளிச்சத்தைக் கடைசியில் தடிப்பாகவும் வைப்பார்கள்.

தொடங்குவதற்கு முன் பலகையை நிழலில் நிறுத்த வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் நேர்வெயில் ஒரு லட்சம் வரை எட்டும். வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான். வெயிலில் சாயம் எல்லாமே ஒளிர்ந்து, நிறம் கூடித் தெரியும். அதைச் சரிசெய்வதாக நினைத்துக் கை தானாக இருட்டாகக் கலக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் சேறுபோல் இருக்கும். குடை வெள்ளையோ சாம்பலோ கறுப்போ ஆகட்டும், வண்ணக் குடை வேண்டாம். சிவப்புச் சட்டையும் வேண்டாம், அதன் நிறம் பலகையில் விழும். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் ஏறுகிறது, பனி அதைத் திருப்பியும் அடிக்கிறது. நடக்கும்போது கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கலக்கும்போது அதைக் கழற்றி, அகல விளிம்புத் தொப்பிக்குள் ஒதுங்க வேண்டும்.

சாயமும் குளிரை உணரும். ஆளிவிதை எண்ணெய் உறைநிலைக்குக் கீழே தடித்து, தூரிகையை இழுக்கும். ட்யூப்களை மேலங்கிக்குள் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். எண்ணெய்ச் சாயம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக் கெட்டிப்படுகிறது, அப்போது அதன் எடைகூடக் கூடுகிறது. குளிரில் இந்த வினை மந்தம். டர்பன்டைனோ உண்மையிலேயே ஆவியாவது. உலர்ந்த மெல்லிய காற்றில் விரைவாகப் போய்விடும். காலையில் ஓடிய சாயம் அரை மணியில் பிசின்போல் ஆவது அதனால்தான். இன்னும் கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றிக்கொண்டே போனால் சாயத்தைப் பிடித்துவைக்கும் எண்ணெய் நீர்த்து, காய்ந்தபின் தூள் உதிரும்.

இந்த மலைகளில் ஓவியர்கள் போன வழி ஒன்றல்ல. கனெக்டிகட்டின் ஈரத்தையும் மூட்டத்தையும் தீட்டிப் பழகிய ஜான் டுவாக்ட்மன் 1895-இல் யெல்லோஸ்டோனுக்குப் போனார். அங்கே அவர் விரும்பித் தீட்டியவற்றில் வெந்நீர்க் குளங்களும் அருவிகளும் முக்கியமானவை. தனக்குப் பழகிய திரையை அவர் நீராவியில் கண்டுகொண்டார் என்றே தோன்றுகிறது. அவர் தீட்டிய மரகதக் குளத்தின் பச்சை, நீரின் நீலமும் வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்ப் படலத்தின் மஞ்சளும் சேர்ந்து வருவது. 1916-இல் கனடிய ராக்கியில் ஓஹாரா ஏரியைத் தீட்டிய ஜான் சிங்கர் சார்ஜென்ட்டுக்கு வேறொரு பச்சை கிடைத்தது. பனியாறு அரைத்த பாறைமாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்க, நீர் சிவப்பை விழுங்க, மீந்தது நீலப்பச்சை. விரிடியன் பச்சையில் வெள்ளை கலந்து கிட்டத்தட்ட அதைப் பிடிக்கலாம்.

எட்கர் பெய்ன் சியரா நெவாடாவின் உயர்ந்த ஏரிகள்வரை போய் முகாமிட்டுத் தீட்டினார். அங்கே ஓர் ஏரிக்கு அவர் பெயர். கருங்கல்லின் ஒவ்வொரு முகத்துக்கும் அகலத் தூரிகையால் ஓர் இழுப்பு, அதுவே பாறை. கான்சாஸின் லிண்ட்ஸ்போர்கில் கற்பித்த ஸ்வீடன்காரர் பிர்கர் சான்ட்ஸேன் ராக்கி மலையை ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் குழைத்துக் குவித்தார். இவ்வளவு பெரிய திட்டுகள் கண்ணில் கலந்துவிடும் என்று சொல்வார்கள், அது முழு உண்மை அல்ல. கண் பிரித்தறியும் எல்லை சுமார் ஒரு கோண நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 5 மில்லிமீட்டர் திட்டு கலந்து மறைய 17 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவு தூரம் எந்த வீட்டுக் கூடத்திலும் இல்லை. பாதி கலந்தும் பாதி கலவாமலும் நிற்பதால்தான் படம் துடிக்கிறது. மலைக்காற்றின் தெளிவுக்கு அந்தத் துடிப்பு, கரைந்த விளிம்புகளைவிட நெருக்கமானது.

அவ்வளவு தடித்த சாயத்துக்கு வீட்டில் பொறுமை வேண்டும். மேல்தோல் சில நாளில் காயும். உள்ளே ஆக்சிஜன் போய்ச்சேர மாதங்கள் ஆகும். அதற்குள் வார்னிஷ் பூசினால் தோல் சுருங்கும். துத்தநாக வெள்ளை நாளடைவில் நொறுங்கும் இயல்புடையது, தடித்த பனிக்கு டைட்டானியம் வெள்ளையே நல்லது. உள்ளே காயும்வரை படத்தைச் சுவருக்குத் திருப்பி இருட்டில் வைக்கவும் கூடாது, எண்ணெய் மஞ்சளாகும். ஜன்னல் வெளிச்சம் மறைமுகமாகப் படும் இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும்.